அம்மாவுக்குச் சிறுகுறிஞ்சான் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு வயது 66. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், மெட்டோபுரோலால், கொழுப்புக்கான மாத்திரை எல்லாம் சேர்ந்துகொண்டன. இத்தனை மாத்திரையா என்று தம்பிக்கு ஆதங்கம். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று எங்கோ படித்துவிட்டுச் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிவந்தான். மூன்று வாரமாகக் காலையும் மாலையும் கொடுக்கிறோம். அம்மாவும் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வெறும் வயிற்றில் 160 இருந்த சர்க்கரை இப்போது 110. ஆனால் போன வாரம் ஒருநாள் விடியற்காலையில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துப் படுக்கையே நனைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் தொடரலாம் என்கிறான் தம்பி. மூட்டுவலிக்கு மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறான், இன்னும் ஆரம்பிக்கவில்லை. மூலிகை பற்றிக் கேட்டால் டாக்டர் 'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பொடி கொடுப்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. மூலிகை ஆராய்ச்சிகளை நம்பலாமா, கூடாதா?

பதில்: சகோதரி, ஆராய்ச்சி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த விடியற்காலை வியர்வையைப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நாம் சாப்பிட்டோமா, இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒரு வேளை மாத்திரையின் வேகம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்கும். இரவுச் சாப்பாடு பாதியாகி, கூடவே சர்க்கரையைக் குறைக்கக்கூடிய இன்னொரு பொருளும் உள்ளே போனால், விடியற்காலையில் அளவு 70க்குக் கீழே போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அம்மா சாப்பிடும் மெட்டோபுரோலால், சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கிவிடும். வியர்வையை மட்டும் அது அடக்காது. ஆகவே இனியும் அம்மாவுக்கு வியர்வை ஒன்றுதான் அடையாளமாகத் தெரியக்கூடும்.

எனவே பொடியை இன்றே நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மாத்திரையில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். டாக்டரை இன்றைக்கே போனில் பிடித்து, நடந்ததைச் சொல்லி, அடுத்த வேளை கிளிமெபிரைடை அதே அளவில் கொடுப்பதா என்று கேளுங்கள். மறுபடி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அம்மா நன்றாக விழித்திருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள், ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மயக்கமாகவோ குழப்பமாகவோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கிளிமெபிரைடு சாப்பிடுபவர்களுக்கு ஒருமுறை ஏற்றிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் அன்று முழுக்க ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது தம்பியின் கணக்கு. பொடி கொடுத்தோம், 160 போய் 110 ஆனது, ஆகவே பொடி வேலை செய்கிறது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மூன்று வாரத்தில் வீட்டில் மாறியது பொடி மட்டுமல்ல. இரவுச் சாப்பாடு பாதியானது, அது ஒன்றே காலைச் சர்க்கரையைக் கணிசமாக இறக்கிவிடும். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்த வீட்டில் எல்லோருடைய கவனமும் கூடுகிறது. பழைய மாத்திரைகள் வேளை தவறாமல் உள்ளே போகின்றன, தினமும் அளந்து பார்க்கிறார்கள், அளப்பதாலேயே வாயும் கட்டுப்படுகிறது. இதில் 50 புள்ளிகளைக் குறைத்தது எது? உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. மருந்து ஆராய்ச்சியில் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாமல் டாக்டருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வதெல்லாம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இரண்டு பக்கமும் சாப்பாட்டைக் குறைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் கவனமாக இருந்திருப்பார்கள். அதற்கு மேலும் ஒரு வித்தியாசம் தெரிந்தால், அது மருந்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

சிறுகுறிஞ்சானை நான் மட்டம் தட்டவில்லை. சுவாரசியமான செடி அது. இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு நாக்கில் கொஞ்சம் சீனி வைத்துப் பாருங்கள், மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, இனிப்பு அங்கே சேர முடியாமல் செய்துவிடுகின்றன. கொஞ்ச நேரம் போனால் சுவை தானாகத் திரும்பிவிடும். ஒரு செடிக்குள் வேலை செய்கிற வேதிப்பொருள் இருக்கிறது என்பதை வாயிலேயே காட்டிவிடுகிற மூலிகைகள் அதிகம் இல்லை. ஆனால் நாக்கில் இனிப்பை மறைப்பதும் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள்.

ரத்தச் சர்க்கரை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நச்சை ஊசியில் ஏற்றி, எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பார்கள். சர்க்கரை ஏறும். பிறகு மூலிகைச் சாற்றைக் கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மூலிகையை மேற்கொண்டு ஆராய்வதா, வேண்டாமா என்று முடிவு செய்ய இது நல்ல முதல் படி. ஆனால் உங்கள் அம்மாவுக்கு யாரும் நச்சு ஏற்றவில்லை. அவருக்கு இருப்பது பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகை நோய். இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக இணங்காமல் தொடங்கி, வருடக்கணக்கில் கணையமும் களைத்துப்போகிற நோய் அது. அந்த எலிக்குப் பலித்தது இவருக்கும் பலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அளவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், தம்பிக்குக் காட்டலாம். எலிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்ததாக ஒரு கட்டுரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்படிப்பட்ட ஆய்வுகளில் சாதாரணமாகப் பார்க்கிற அளவுதான் இது. எலி அளவை மனித அளவாக மாற்ற ஏறக்குறைய 6.2ஆல் வகுப்பது வழக்கம். 32 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1.9 கிராம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சாறு வற்றிய பிறகு மிஞ்சுகிற சத்து. பத்துப் பங்கு இலையிலிருந்து ஒரு பங்கு சத்து கிடைக்கிறது என்று கொண்டால், தினம் 19 கிராம் காய்ந்த இலை வேண்டும். அதையும் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரித்தார்களா, தண்ணீரில் கொதிக்கவைத்தார்களா என்பதைப் பொறுத்து உள்ளே இறங்குகிற பொருளே மாறிவிடும். இரண்டு தேக்கரண்டிப் பொடியை வெந்நீரில் கலக்குகிற நமக்கு அந்தக் கட்டுரை எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மனிதர்களில் ஒன்றும் நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரைகளோடு சேர்த்து, சிறுகுறிஞ்சான் சாறு தினமும் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேரால் மாத்திரையையே விட முடிந்தது. கவனிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் அங்கே குலுக்கல் பிரிப்பு இல்லை, வெறும் மாத்திரை வாங்கிய குழுவும் இல்லை. உங்கள் வீட்டில் நடந்த அதே குழப்பம் 22 பேர் அளவில் நடந்திருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள். அந்த 22 பேரில் 17 பேரால் மாத்திரையை விட முடியவில்லை. விட்ட 5 பேரும் டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விட்டவர்கள். தம்பி படித்த செய்தியில் இந்த 17 வந்திருக்காது.

இதை அம்மாவின் ஆஸ்பிரினோடு ஒப்பிடுங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கிறதா என்று பார்த்த ஐசிஸ்-2 ஆய்வு 1988இல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 17,187 பேர். ஒரு மாதம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் வெறும் மாத்திரை வாங்கியவர்களைவிட 23 சதவீதம் குறைவு. இரண்டையும் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற ஒரே வரியில் அடக்கிவிடுவதுதான் இப்படிப்பட்ட செய்திகளில் எனக்கு எரிச்சல்.

இன்னொரு விஷயம் தம்பிக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அம்மாவின் மாத்திரைப் பெட்டியிலேயே இரண்டு மூலிகை வாரிசுகள் இருக்கின்றன. ஆஸ்பிரினின் கதை வில்லோ மரப்பட்டையில் தொடங்குகிறது. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அந்தப் பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிப்பதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பட்டையிலிருந்து கிடைத்த பொருளின் வழியாக வந்த சாலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தது, ஆனால் வயிற்றைப் பதம் பார்த்தது. 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் அதைக் கொஞ்சம் மாற்றி அமைத்தபோது வந்ததுதான் ஆஸ்பிரின்.

மெட்ஃபார்மின் இன்னும் பொருத்தமான உதாரணம். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் கலேஜின் என்ற பொருள் இருக்கிறது. அது சர்க்கரையைக் குறைக்கும் என்பதை 1920களிலேயே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குறைத்தது. கூடவே நச்சாகவும் இருந்ததால் கைவிட்டார்கள். அந்தச் செடியை மேய்ந்த ஆடுகளே செத்திருக்கின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த, நச்சு குறைந்த பொருளாக மெட்ஃபார்மினை எடுத்து, 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க அதிகமாக எழுதப்படும் சர்க்கரை மாத்திரை அதுதான். 'இயற்கையை விட்டுவிட்டு ரசாயனத்தைக் கொடுக்கிறார்கள்' என்று தம்பி சொன்னால், இயற்கையாகக் கிடைத்த கலேஜினை ஏன் கொடுக்கவில்லை என்று கேளுங்கள்.

ஒரு செடியில் ஒன்றைத் தேடப்போய், எதிர்பாராத இன்னொன்று கிடைத்த கதையும் உண்டு. நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. 1952இல் ஜமைக்காவிலிருந்து அந்த இலை கனடாவுக்குப் போய், ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தது. எலிகளின் வாயில் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார், எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன. அவற்றின் ரத்த வெள்ளணுக்கள் சரிந்துபோயிருந்தன. வேறொருவராக இருந்தால் அங்கேயே மூட்டை கட்டியிருப்பார். நோபிளும் சார்லஸ் பியரும் அந்தச் சரிவுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். வெள்ளணுக்கள் தாறுமாறாகப் பெருகுகிற புற்றுநோய்களுக்கு எதிராக அது பயன்பட்டது. வின்பிளாஸ்டின் என்று பெயர். அதன் சகோதரப் பொருளான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து. இலையில் அது இருப்பதோ துளியிலும் துளி. மருந்தாக அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தநாளத்தில் மட்டுமே ஏற்றுகிறோம். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, புற்றுநோய்க்கு நித்தியகல்யாணி இலையைக் கசாயம் வைத்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் செடியில் இருப்பது செல்களைக் கொல்கிற பொருள், தயவுசெய்து அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி மஞ்சள் மாத்திரைக்கு வருகிறேன். மஞ்சளின் குர்குமின் பற்றி ஆய்வகக் கிண்ணங்களில் நடந்த சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது, அழற்சியைத் தணிக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சிக்கல் என்னவென்றால், வாய் வழியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்துக்கு ஏறுவதே அரிது. குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைப் பிடித்து மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, குர்குமின் நிலையில்லாத பொருள், சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை, பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான நல்ல முடிவைக் காட்டக்கூடியது என்று பட்டவர்த்தனமாக எழுதினார்கள்.

அங்கேதான் மிளகு வருகிறது. 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்தபோது உடம்பில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. மாத்திரை டப்பாவில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறாத ஒரு பொருளின் 2,000 சதவீதம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது என்பது. வெளிப்பொருள்களை உடைத்து வெளியேற்றுகிற நொதிகளையும், குடல் சுவரில் அவற்றைத் திருப்பித் தள்ளுகிற வழிகளையும் அது முடக்குகிறது. அந்த நொதிகள் குர்குமினுக்காக மட்டும் வேலை செய்பவை அல்ல, மாத்திரைகள் பலவற்றையும் உடைப்பவை அவைதான். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின், மெட்டோபுரோலால் இனத்தைச் சேர்ந்த புரோபிரனலால் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் கூடியதை மனிதர்களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆறு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு இதைக் கொடுப்பது, வீட்டில் ஒரு குழாயை அடைத்துவிட்டு மற்றக் குழாய்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்று வேடிக்கை பார்ப்பதுபோல.

மூட்டுவலிக்கு மஞ்சள் உதவுமா? ஓரளவு உதவலாம், இதை மறைக்க எனக்கு அவசியமில்லை. 2020இல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானமும் மூட்டுக்குள் வீக்கமும் உள்ள 70 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 12 வாரம் மஞ்சள் சாறோ வெறும் மாத்திரையோ கொடுத்தார்கள். 100 மில்லிமீட்டர் வலிக்கோட்டில், மஞ்சள் எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிட 9 மில்லிமீட்டர் கூடுதலாக வலி குறைந்தது. ஸ்கேனில் பார்த்த வீக்கமோ குருத்தெலும்போ மாறவில்லை. வேறு சிறிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. வலியில் சிறு நிம்மதி கிடைக்கும், மூட்டு சரியாகாது. ஆரோக்கியமான 50 வயதுக்காரர் ஒருவர், வேறு மருந்து எதுவும் இல்லாதவர், இதைக் கேட்டால் சில வாரம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன், கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ உடனே நிறுத்தச் சொல்வேன். ஏனென்றால் அரிதாக இது கல்லீரலைத் தாக்குகிறது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்கிற அமெரிக்க ஆய்வுக் குழு, மஞ்சள் மாத்திரையால் அப்படிப் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதியது. 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். 7 பேரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. அது நம்மிடம் இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டு மாத்திரை வாங்குவதில்லை. சமையலில் சேர்க்கிற மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம், நான் பேசுவது சத்தை இறுக்கி அடைத்த மாத்திரைகளை.

உங்கள் அம்மாவுக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டென்ட் வைத்து ஓர் ஆண்டுதான் ஆகிறது, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குர்குமினும் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். ஏற்கெனவே இருவர் இழுக்கிற திசையில் மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டியதில்லை. முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி நன்றாக உதவும், ஆய்வுகளில் நின்று நிலைத்த சிகிச்சை அது. ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வலி நிவாரணி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மேலே தடவும் ஜெல் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

'ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறார்கள், பக்க விளைவு இருந்தால் தெரிந்திருக்காதா?' என்றும் தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. தின்றவுடன் வாந்தி வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், மயங்கி விழுந்தால் பரம்பரை அனுபவம் கண்டுபிடித்துவிடும், அதில் சந்தேகமில்லை. இருபது வருடம் கழித்து வருகிற கேட்டை அந்த அனுபவத்தால் பிடிக்க முடியாது. பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அவர்கள் சாப்பிட்ட மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி தவறுதலாகக் கலந்திருந்தது. சில ஆண்டுகளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நாம் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி என்று சொல்கிற மூலிகைகள் அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். காலங்காலமாக மருந்தாகவே பயன்பட்டவை.

அதே பரம்பரை அறிவுதான் மலேரியாவுக்கு மருந்தும் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீன விஞ்ஞானி தூ யூயூ, சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவ நூல் ஒன்றில், மாசிப்பச்சை இனத்துச் செடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே, சூட்டில் சத்து அழிகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் அது பலித்தது, 2015இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் இன்று மலேரியாவுக்கு அந்தச் செடியைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு இலையிலும் சத்து ஒவ்வொரு அளவில் இருக்கும், அளவு குறைந்தால் நோய் தீராது, கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

மருந்து நிறுவனங்கள் மூலிகை ஆராய்ச்சியை நடக்கவிடுவதில்லை என்ற பேச்சு பாதி உண்மை. காப்புரிமை கிடைக்காத இலைக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்க எந்த நிறுவனமும் முன்வராது. அதற்காக யாருமே செய்யவில்லை என்றில்லை. ஞாபகசக்திக்கு என்று உலகமெங்கும் விற்கிற கிங்கோ இலைச் சாற்றை அமெரிக்க அரசின் பணத்தில் 3,069 முதியவர்களுக்குக் கொடுத்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. மறதி நோயை அது தடுக்கவில்லை. விற்பனை என்னவோ தொடர்கிறது.

இன்னொரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த வியர்வையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அதுதான். பொட்டலத்தில் இருப்பது சிறுகுறிஞ்சான் மட்டும்தானா? 2008இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற பொருள்களில், மூலிகை என்ற பெயரில் வந்தவை உட்பட, கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. கிளிமெபிரைடுக்கு அண்ணன் முறையான சர்க்கரை மாத்திரை அது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. உங்கள் பொடி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் பொடியைத் தூக்கிப் போடாமல் பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள், தேவைப்பட்டால் சோதிக்கலாம்.

நம்பலாமா, கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். இனி ஒரு செய்தி வந்தால் முதலில் அது கிண்ணத்தில் நடந்ததா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். மனிதர் என்றால் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள்? கொடுத்தது பொடியா, கசாயமா, பிரித்தெடுத்த சத்தா? அளந்தது ஒரு ரத்த எண்ணையா, அல்லது நோயாளிக்கே தெரிகிற வலி, மாரடைப்பு, மரணம் போன்றவற்றையா? அப்புறம் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வி: அந்த ஆய்வில் இருந்தவர்கள் என் அம்மாவைப் போன்றவர்களா? பல மருந்து சாப்பிடுகிறவர்களையும் இதய நோய் உள்ளவர்களையும் பெரும்பாலான மூலிகை ஆய்வுகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன.

உங்கள் டாக்டர் ஒரே வரியில் முடித்தது எனக்கும் வருத்தம்தான், நாலு வார்த்தை விளக்கியிருக்கலாம். அடுத்த முறை 'மூலிகை கொடுக்கலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொட்டலத்தை மேசைமேல் வைத்து, 'மூன்று வாரம் இதைக் காலை மாலை இவ்வளவு கொடுத்தோம், இந்தத் தேதியில் விடியற்காலை இப்படி வியர்த்தது, இவை அந்த நாட்களின் சர்க்கரை அளவுகள்' என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், விவரம் அவர் கையில் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும், சிறுநீரகம், கல்லீரல் சோதனைகளையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமெபிரைடால் சர்க்கரை தாழ்கிற ஆபத்து கூடும், அந்த வியர்வைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தனை மாத்திரையா என்ற தம்பியின் ஆதங்கத்தையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆனதும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டில் ஒன்றை நிறுத்தலாமா என்று இதய மருத்துவர்கள் மறுபரிசீலனை செய்வது வழக்கம். சர்க்கரையை ஆபத்தாகத் தாழவிடாத மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன, கிளிமெபிரைடுக்குப் பதில் அவற்றில் ஒன்று பொருந்துமா என்று கேட்கலாம். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதித் தம்பியிடமே கொடுத்து, அம்மாவோடு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.